‘கும்பாயா’ பாட்டுக்கு உரியவர் யார்?

சாரணர் பாசறைகளிலே இரவு வேளையில் தீ மூட்டி, அதனைச் சுற்றி வட்டமாக அமர்ந்து பாடும் பாட்டுகளுள் ‘கும்பாயா’ என்பதும் ஒன்று. உலகின் பல நாடுகளிலும் பிள்ளைகள் இதனைப் பாடுகின்றனர். இராகம் எளிது, சொற்கள் அதனினும் எளியன. ஒரு முறை கேட்டவர் மறு முறை தாமும் சேர்ந்து பாடிவிடலாம். ஆயினும், ‘கும்பாயா’ என்றால் என்ன பொருள், இஃது எந்த நாட்டுப் பாட்டு, இதனை ஆக்கியவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால், பெரியவர் பலரும் சற்றுத் தயங்குவர். ஆபிரிக்கப் பாட்டு என்பர் சிலர். அமெரிக்கப் போதகர் ஒருவர் இயற்றியது என்பர் வேறு சிலர். அமெரிக்காவில் அடிமைகளாய் வாழ்ந்த மக்கள் தந்த பாட்டு என்பர் இன்னுஞ் சிலர்.

இம் மூன்று விடைகளுள் எது பொருந்தும் என்பதை இவ்வாரம் ஆராய்வோம். இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. நிலம் இல்லாமலும், கல்வி இல்லாமலும், தம் உடல்மீது தமக்கே உரிமை இல்லாமலும் வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டத்தார் உலகுக்குத் தந்த செல்வம் பாட்டு ஒன்றே. அதுவும் பிறர் பெயரில் எழுதப்பட்டுவிட்டால் அவர்களுக்கு எஞ்சுவது என்ன? ஆதலால் இவ் வழக்கைச் சற்றுப் பொறுமையாகவே விசாரிப்போம்.

முதலிலே சொல்லின் பொருளைக் காண்போம். ‘கும்பாயா’ என்பது, ‘கம் பை ஹியர்’ என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களின் திரிந்த ஒலி. ‘இவ் வழியே வந்தருள்’ என்பது அதன் கருத்து. இறைவனை நோக்கிய வேண்டுதல் இது. அழுகின்றவர் ஒருவர் இங்கே உள்ளார், வேண்டுகின்றவர் ஒருவர் இங்கே உள்ளார், அவரிடம் வந்தருள் என்பதே பாட்டின் பொருள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் பெரும்பாலும் ஒரு சொல் மட்டுமே வேறுபடும். முன்னே நின்று பாடுபவர் அச் சொல்லை மாற்றிக் கொடுப்பார். ஏனையோர் மற்றவற்றைத் திருப்பிப் பாடுவர். இவ்வாறு அமைந்த பாட்டுக்கு ஏடும் வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. இவ் வமைப்பை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

இனி, வழக்கின் ஒரு கட்சியைக் கேட்போம். மார்வின் ஃப்ரே என்பவர் அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டிற் பிறந்தவர்; வெள்ளையர்; சமயப் பிரசாரகர். 1936ஆம் ஆண்டில், ஒறிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரிலே ஒரு பிரசாரகப் பெண்மணியின் செபத்தைக் கேட்டபோது இப் பாட்டைத் தாம் இயற்றியதாக அவர் கூறினார். 1939ஆம் ஆண்டில் ‘கம் பை ஹியர்’ என்னும் தலைப்புடன் அதனை அச்சிட்டும் வெளியிட்டார். அப்படியாயின் ‘கும்பாயா’ என்ற ஒலி எவ்வாறு வந்தது? அதற்கும் அவரிடம் விடை இருந்தது. மிசனரிக் குடும்பத்தார் சிலர் இப் பாட்டை ஆபிரிக்காவிலுள்ள அங்கோலா நாட்டுக்குக் கொண்டு சென்றனர் என்றும், அங்குள்ள மக்களின் நாவிலே சொல் திரிந்து ‘கும்பாயா’ ஆயிற்று என்றும், அவ் வடிவத்திலேயே அது அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தது என்றும் அவர் விளக்கினார். ‘ஆபிரிக்கப் பாட்டு’ என்ற எண்ணம் பரவியதற்கு இவ்வகைக் கதைகளே காரணமாயின.

கேட்பதற்கு இனிய கதைதான். அச்சிட்ட தாளும் கையில் இருந்தது. அதில் ஒருவரின் பெயரும் இருந்தது. எதிர்க் கட்சியிலோ, தம் பெயர் சொல்லி முன்வர ஒருவரும் இல்லை. எனவே பல காலம் ஃப்ரே அவர்களின் சொல்லையே பலரும் ஏற்றனர்.

இக் கதையை மறுத்துச் சாட்சி சொன்னது ஒரு மெழுகுருளை. அச் சாட்சியை ஆயத்தம் செய்தவர் றொபேட் வின்ஸ்லோ கோர்டன் என்னும் அறிஞர்.

கோர்டன் 1888ஆம் ஆண்டிலே மெயின் மாநிலத்திற் பிறந்தவர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில், வகுப்பு முடிந்ததும் அவர் சான் பிரான்சிஸ்கோத் துறைமுகப் பக்கம் சென்று, கப்பலோட்டிகள் பாடும் பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொள்வார். 1923 முதல் 1927 வரை ‘அட்வெஞ்சர்’ என்னும் சஞ்சிகையிலே பழைய பாட்டுகளைப் பற்றி ஒரு பகுதியையும் எழுதி வந்தார். வாசகர்கள் தம் ஊர்ப் பாட்டுகளைக் கடிதத்தில் எழுதி அவருக்கு அனுப்பினர். பல்கலைக்கழகத்துப் பதவி கைவிட்டுப் போனபோதும் பாட்டுத் தேடுவதை அவர் கைவிடவில்லை. ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு தென் மாநிலங்களுக்குச் சென்றார். 1926ஆம் ஆண்டிலே, ஜோர்ஜியா மாநிலத்தில் தம் மனைவியின் ஊராகிய டேரியனை வந்தடைந்தார்.

டேரியன் எத்தகைய ஊர் என்பதை அறிந்தாலன்றி இப் பாட்டின் உட்பொருள் விளங்காது. அத்திலாந்திக் கரையிலே, அல்தமஹா நதி கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த சிறு துறைமுகம் அது. 1736ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவர்கள் அதனை நிறுவினர். சுற்றிலும் சதுப்பு நிலம். கடல் ஏற்றத்தால் உயரும் நதி நீரை வாய்க்கால்களிலும் மதகுகளிலும் அடக்கி, அங்கே நெல் விளைவித்தனர். அவ் வயல்களை வெட்டித் திருத்தியவர்களும், முழங்காலளவு சேற்றில் நின்று பயிர் செய்தவர்களும் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களே. அவர்களுள் பலர் மேற்கு ஆபிரிக்காவின் நெல் விளையும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். நெல் வேளாண்மையை அவர்கள் தம் நாட்டிலேயே அறிந்திருந்தனர். அவ் வறிவுக்காகவே பண்ணையாளர் அவர்களை விரும்பி வாங்கினர்.

கோடை காலத்திலே அச் சதுப்பு நிலத்தில் மலேரியாக் காய்ச்சல் பரவும். பண்ணையாளர் குடும்பங்கள் அக் காலத்தில் உள்நாட்டுக்குச் சென்றுவிடும். உழைக்கும் மக்களோ அங்கேயே தங்குவர். இவ்வாறு ஒதுங்கி வாழ்ந்தமையால், ஆங்கிலச் சொற்களும் பல ஆபிரிக்க மொழிகளின் சொற்களும் இலக்கணமும் கலந்த ஒரு தனி மொழி அவர்களிடையே உருவாகி நிலைத்தது. அதனைக் கல்லா, கீச்சி என்னும் பெயர்களால் வழங்குவர். கல்வி இல்லாதார் பேசும் பிழையான ஆங்கிலம் என்று அதனை நெடுங்காலம் இகழ்ந்தனர். லொறென்சோ டவ் டேணர் என்னும் கறுப்பின அறிஞர் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலின் பின்னரே அதன் ஆபிரிக்க வேர்களை உலகம் உணர்ந்தது. ‘ஹியர்’ என்னும் ஆங்கிலச் சொல், இம் மொழி பேசுவோர் வாயிலே ‘யா’ என்பதை ஒத்து ஒலிக்கும். இதனையும் வாசகர்கள் குறித்துக்கொள்க.

டேரியனுக்கு அருகிலுள்ள தீவொன்றிலே பட்லர் என்னும் குடும்பத்தாருக்குப் பெரிய நெற்பண்ணை இருந்தது. அக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஃபனி கெம்பிள் என்னும் ஆங்கில நாடக நடிகை, 1838ஆம் ஆண்டின் இறுதியிலே அங்கு வந்து சில மாதங்கள் தங்கினார். அங்கே கண்டவற்றை அவர் நாட்குறிப்பாக எழுதினார். அது 1863ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. படகு வலிப்போர் ஒருவர் தொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடுவதை அதில் அவர் வியந்து எழுதியுள்ளார். இன்னொரு செய்தியையும் குறித்துள்ளார். துயரப் பாட்டுகளைப் பாடலாகாது என்று பண்ணையாளரும் கண்காணிகளும் தடுப்பதுண்டு என அவர் கேள்வியுற்றாராம். அழுவதற்கும் அனுமதி இல்லாதோர் இறைவனை அழைத்துப் பாடும் பாட்டிலே தம் அழுகையையும் வைத்தனர் என்று கொள்வது தவறாகாது.

அதே பட்லர் குடும்பத்து உரிமையாளர் கடன்பட்டமையால், 1859ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம், 3ஆம் நாட்களில் சவானா நகருக்கு அருகிலுள்ள குதிரைப் பந்தய மைதானத்திலே தம் அடிமைகளை ஏலத்தில் விற்றார். விற்பனைப் பட்டியலில் இருந்தவர்கள் 436 பேர். பிறந்த மண்ணையும் உற்றார் உறவினரையும் பிரிந்து அவர்கள் பல திசைகளுக்குச் சென்றனர். அவ் விரு நாட்களும் மழை பொழிந்தது. ‘அழுகையின் காலம்’ என்று அம் மக்களின் வழிவந்தோர் அதனை இன்றும் நினைவு கூர்கின்றனர். அழுகின்றவர் ஒருவர் இங்கே உள்ளார் என்று பாடும் பாட்டு, இத்தகைய மண்ணிலே வெறுஞ் சொல்லாக இருந்திருக்க முடியாது.

ஜோர்ஜியாவில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதை 1829ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்தது. எனவே அவர்களுடைய சமயப் பாட்டுகள் ஏட்டில் ஏறவில்லை. நாவிலும் செவியிலுமே வாழ்ந்தன. ஒரு சொல்லை மட்டும் மாற்றி அடி அடியாகப் பாடும் அமைப்பின் பயனை இப்போது உணரலாம். நூல் இன்றியும் ஊர் முழுவதும் சேர்ந்து பாடுவதற்கு அதனினும் சிறந்த வழி இல்லை. அடிமை முறை 1865ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. பின்னரும் அம் மக்கள் அக் கரையோரத்திலேயே வாழ்ந்தனர்; அவர்களுடைய பாட்டுகளும் அவர்களோடு வாழ்ந்தன.

அவற்றைத் தேடியே கோர்டன் வந்தார். அவர் கொண்டுவந்த கருவி எடிசன் வகையைச் சேர்ந்தது. அதிலே ஒரு மெழுகுருளை சுழலும். பாடுபவர் ஊதுகுழல் போன்ற வாயிலில் முகம் வைத்துப் பாடினால், அவ் வொலியின் அதிர்வுக்கு ஏற்ப ஓர் ஊசி மெழுகிலே நுண்ணிய கோடு கீறும். ஓர் உருளையிற் சில நிமிட நேரமே பதியலாம். மீட்டுக் கேட்கும் ஒவ்வொரு முறையும் கோடு தேயும். வெப்பம் பட்டால் மெழுகு கெடும். கை தவறினால் உடையும்.

1926ஆம் ஆண்டில், எச். வைலி என்னும் ஒருவர் டேரியன் பகுதியில் கோர்டனின் கருவிமுன் பாடினார். இறைவனின் துணை வேண்டியவர்கள் இங்கே இருக்கின்றனர், இவ் வழியே வந்தருள் என்பதே அவர் பாடிய பாட்டு. இன்று பாசறைகளிலே பாடும் பாட்டின் மூல வடிவம் அதுவே. கோர்டன் பாடியவரின் பெயரையும் காலத்தையும் குறித்து வைத்தார். அதே 1926ஆம் ஆண்டிலே, வட கரோலைனா மாநிலத்துக் கிராமப் பாடசாலை அதிபராக இருந்த ஜூலியன் பொய்ட் என்பவர், தம் மாணவர் மூலம் சேகரித்த பாட்டுகளிலும் இப் பாட்டின் ஒரு வடிவம் இருந்தது. பொய்ட் பிற்காலத்திற் புகழ்பெற்ற சரித்திர ஆசிரியரானார். அவர் சேகரித்த ஏடும் கோர்டனிடம் வந்து சேர்ந்தது.

இவ்விரு சான்றுகளும் இரு வேறு மாநிலங்களைச் சேர்ந்தவை. ஓரிடத்தில் ஒருவர் அப்போதுதான் இயற்றிய பாட்டு அன்று, தென் மாநிலங்களிலே முன்னமே பரவியிருந்த பாட்டு என்பது இதனாற் புலப்படும். இனி ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃப்ரே தாம் இயற்றியதாகச் சொன்ன ஆண்டு 1936. வைலி பாடியதோ அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன். 1926ஆம் ஆண்டிலே ஃப்ரே ஏறக்குறைய எட்டு வயதுச் சிறுவர். வழக்கு இங்கேயே முடிந்துவிடுகின்றது. அங்கோலாவுக்குச் சென்று திரும்பிய கதையும் வேண்டுவதில்லை. ‘ஹியர்’ என்பது ‘யா’ என ஒலிப்பதற்குக் கடல் கடந்து செல்ல வேண்டா. ஜோர்ஜியாக் கரையோரமே போதும்.

ஃப்ரே வேண்டுமென்றே பொய்யுரைத்தார் என்று நாம் குற்றஞ் சாட்டவில்லை. செபத்தில் தாம் கேட்ட சொற்கள் வேறோர் ஊரின் பாட்டிலிருந்து வந்தவை என்பதை அவர் அறியாதிருந்திருக்கலாம். நாவழியே செல்லும் பாட்டு, தான் வந்த ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டு செல்வதில்லை. ஆயினும், கேட்டவர் அதனை அச்சிட்டுத் தம் பெயரை இட்டபோது, பாடிக் கொடுத்தவர்கள் மறைந்துபோயினர் என்பது உண்மை.

கோர்டனுக்கும் நற்காலம் நீடிக்கவில்லை. 1928ஆம் ஆண்டிலே வொஷிங்டன் நகரின் காங்கிரஸ் நூலகத்தில் அமெரிக்க நாட்டார் பாட்டுகளுக்கான காப்பகம் நிறுவப்பட்டபோது, அதன் முதல் தலைவராக அவரே அமர்ந்தார். பணமுடை வந்தபோது, சில ஆண்டுகளிலேயே அப் பதவி போயிற்று. 1961ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய மெழுகுருளைகள் மட்டும் காப்பகத்திலே காத்திருந்தன.

இதற்கிடையே பாட்டு வேறு வழியிற் புகழ் பெற்றது. 1950களிலே ஒஹாயோ மாநிலத்தில் அச்சான சிறு பாட்டுப் புத்தகங்கள் மூலம் ‘கும்பாயா’ என்ற வடிவம் பரவியது. 1957ஆம் ஆண்டிலே, ஓபர்லின் கல்லூரி மாணவர் சிலர் ‘ஃபோக்ஸ்மித்ஸ்’ என்னும் குழுவாகக் கோடைப் பாசறைகளுக்குச் சென்று இதனைக் கற்பித்தனர். அடுத்த ஆண்டில் இசைத்தட்டாகவும் வெளியிட்டனர். பீட் சீகர் பாடினார். 1962ஆம் ஆண்டில் ஜோன் பாயஸ் அம்மையாரின் இசைத்தட்டிலும் அது வெளிவந்தது. சம உரிமைக்காக அமெரிக்கக் கறுப்பின மக்கள் போராடிய 1960களிலே, கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் இவ் வேண்டுதல் ஒலித்தது. ஒரு வியப்பு: அக் கல்லூரி மாணவர் குழுவிலிருந்த ஜோ ஹிக்கர்சன் என்பவரே பின்னாளில், கோர்டன் தொடக்கிய அதே காப்பகத்தின் தலைவரானார். மாணவப் பருவத்தில் அவர் ஊர் ஊராகக் கற்பித்த பாட்டின் பிறப்புச் சாட்சி, அவர் காவல் செய்த பேழைகளிலேயே கிடந்தது.

பிற்காலத்தில் இப் பாட்டுக்கு வேறொரு கேடும் நேர்ந்தது. கைகோத்து ஆடிப் பாடி வேற்றுமைகளை மறந்துவிடலாம் என்று நம்பும் பேதைமைக்கு அடையாளமாக, அமெரிக்க அரசியல்வாதிகளும் பத்திரிகையாளரும் ‘கும்பாயா’ என்ற சொல்லை ஏளனமாக எடுத்தாளத் தொடங்கினர். எளிதான சமரசம் என்று இவர்கள் நகைத்த சொல், ஏலக் களத்திலே நின்ற மக்களின் பேரர்கள் இறைவனைக் கூவி அழைத்த சொல் என்பதை அறிந்திருந்தால் நகைத்திருப்பார்களா?

2010ஆம் ஆண்டிலே, காங்கிரஸ் நூலகத்து நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் ஸ்டீவன் வினிக் இச் சான்றுகளைத் தொகுத்து விரிவான கட்டுரை வெளியிட்டார். 2017ஆம் ஆண்டில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் இப் பாட்டு ஜோர்ஜியாக் கரையோரத்துக் கல்லா கீச்சி மக்களின் செல்வம் என்று பாராட்டப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னராயினும் உரியவர்க்கு உரியது கிடைத்தது. எனினும் முழுவதும் கிடைத்துவிட்டதா? பாடியவரின் பெயரை ‘எச். வைலி’ என்றே இன்றும் குறிக்கின்றோம். அந்த ‘எச்.’ என்னும் ஓர் எழுத்தின் பின்னே நின்ற முழுப் பெயரைக் கோர்டன் எழுதிவைக்கவில்லை. பாட்டைக் காத்த அன்பரே, பாடியவரின் பெயரிற் பாதியை விட்டுவிட்டார்.

மாணவர்கள் இவ் வரலாற்றிலிருந்து கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. இவ் வழக்கைத் தீர்த்தது இராகத்தின் இனிமை அன்று; யார் பாடியது, எந்த ஆண்டில் பாடியது என்று ஒருவர் எழுதிவைத்த சிறு குறிப்பே. உங்கள் வீட்டிலும் பாட்டியார் தாலாட்டு ஒன்றை அறிந்திருக்கலாம்; அயலிலுள்ள முதியவர் ஒருவர் வயற்பாட்டோ படகுப் பாட்டோ அறிந்திருக்கலாம். கேட்கும்போது பாட்டை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அதன் கீழே பாடியவரின் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதுங்கள். பெயரை முதலெழுத்தோடு நிறுத்தாமல் முழுவதுமாகவே எழுதுங்கள்.